எடை குறைஞ்சாச்சு... இனி மனிதர்களைச் சமாளிக்க அக்காவின் டிப்ஸ்

அன்புத் தங்கச்சிக்கு,

எடையைக் குறைப்பது எப்படி என்று சொல்லித்தர ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எத்தனை இட்லி, எத்தனை அடி நடை, ராத்திரி எத்தனை மணிக்குள் சாப்பாடு என்று ஆளுக்கொரு கணக்கு. குறைந்த பிறகு நம்மைச் சுற்றியிருப்பவர்கள் எப்படி மாறுவார்கள், அதை எப்படித் தாங்குவது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. 104 கிலோவிலிருந்து 66-க்கு வர எனக்கு இரண்டேகால் வருஷம் பிடித்தது. அந்த இரண்டேகால் வருஷத்தில் பசியோடு படுத்த ராத்திரிகளில்கூட நான் அழுததில்லை. 66-ல் வந்து நின்ற பிறகான முதல் வருஷத்தில்தான் அழுதேன். உயிர்த்தோழி பேசுவதை நிறுத்தினாள். முன்பின் தெரியாதவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். வீட்டில் அவர் பேச்சைக் குறைத்தார். உனக்கு அந்த வருஷம் கொஞ்சம் லேசாகப் போகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

"சுகரா?"

முதலில் வருவது பாராட்டாக இருக்காது. "என்னம்மா இப்படி இளைச்சுட்ட, சுகரா?" என்றுதான் வரும். அடுத்தது "தைராய்டா?" அதற்கும் அடுத்தது, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வீட்டுல ஏதும் பிரச்சினையா?" நம் ஊரில் பூசினாற்போல இருந்தால் நிம்மதியாக இருக்கிறாள் என்று அர்த்தம். கன்னம் ஒட்டினால் நோய், இல்லையென்றால் கவலை. பஞ்சத்தையும் காசநோயையும் பார்த்த தலைமுறையிடமிருந்து வந்த பேச்சு அது. பெரும்பாலும் பாசத்தில்தான் கேட்கிறார்கள். அதற்காக ஒவ்வொருவரிடமும் உன் பிளட் டெஸ்ட் ரிப்போர்ட்டை ஒப்பிக்க வேண்டியதில்லை.

இரண்டு வரி தயாராக வைத்துக்கொள். முதல் வரி: "டாக்டர்கிட்ட காட்டிட்டேன் அத்தை, எல்லாம் நல்லாயிருக்கு." இரண்டாவது வரி அவர்களைப் பற்றியதாக இருக்கட்டும்: "உங்க முட்டிவலி இப்ப தேவலையா?" பேச்சு அவர்கள் பக்கம் திரும்பிவிடும். விசாரிக்க ஓர் ஆள் இருக்கிறதே என்று அவர்களுக்கும் ஆறுதல்.

ஒன்றை மட்டும் கவனி. நீ எந்த முயற்சியும் செய்யாமலே ஆறு மாசம், ஒரு வருஷத்துக்குள் உன் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்திருந்தால், அந்த அத்தை கேட்டது சரியான கேள்வி. 80 கிலோ உள்ளவருக்கு அது வெறும் 4 கிலோ. அப்படியென்றால் பாராட்டை வாங்கிக்கொண்டு சும்மா இருந்துவிடாதே, டாக்டரைப் பார். சர்க்கரை, தைராய்டு, காசநோய் மூன்றுமே சத்தமில்லாமல் இளைக்க வைக்கும்.

முடி பற்றியும் கேட்பார்கள். எடை வேகமாக இறங்கிய இரண்டு மூன்று மாசத்தில் முடி கொத்தாக உதிர்வது நிறையப் பேருக்கு நடக்கும், பெரும்பாலும் சில மாசத்தில் திரும்ப வளர்ந்தும்விடும். பருப்பு, முட்டை, மீன், சுண்டல் எதையும் குறைத்துவிடாதே. இரும்புச்சத்தை ஒருமுறை சோதித்துக்கொள். வகிட்டைப் பார்த்து யாராவது உச்சுக்கொட்டினால் "ஆமா, திரும்ப வளருது" என்று சொன்னால் போதும்.

திடீர் மரியாதை

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் என்னை அடித்துப்போட்டது இதுதான்.

திருச்சி என்.எஸ்.பி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடை. சில வருஷத்துக்கு முன் ஒரு தீபாவளிக் கூட்டத்தில், ரெடிமேட் சுடிதார் எடுக்கலாம் என்று போய் நின்றேன். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே கவுன்ட்டரில் இருந்த பெண் என்னை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, "உங்க சைஸ் இல்லக்கா, மெட்டீரியல்னா ரெண்டாவது மாடி" என்றாள். சொன்னபடியே கைகள் வேறு ஒருத்திக்குத் துணியைப் பிரித்துக்கொண்டிருந்தன. நான் பேசாமல் மாடி ஏறினேன். அது அவமானம் என்றுகூட அப்போது தோன்றவில்லை. அப்படித்தான் பேசுவார்கள், அப்படித்தான் மாடி ஏற வேண்டும் என்று பழகியிருந்தது.

எடை குறைந்து அதே கடைக்குப் போனேன். "வாங்க மேடம், உட்காருங்க" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார்கள். தண்ணீர் வந்தது. பன்னிரண்டு சுடிதாரைப் பிரித்துப் போட்டார்கள். கிளிப்பச்சைத் துப்பட்டா ஒன்றை அந்தப் பெண்ணே என் தோளில் போட்டு, கண்ணாடிப் பக்கம் என்னைத் திருப்பி, "உங்க கலருக்கு எப்படி எடுத்துக்கொடுக்குது பாருங்க" என்றாள். நன்றாகத்தான் இருந்தது. வாங்கினேன். பில் போட்டு வெளியே வந்து தெப்பக்குளத்துக் கம்பி ஓரமாக நின்று அழுதேன். அன்றைக்கும் என் பர்ஸில் அதே அளவு பணம்தான் இருந்தது. அதே குரல், அதே படிப்பு, அதே மனசு. அப்படியானால் மாடி ஏறியவள் யார்? அவளுக்கு ஒரு ஸ்டூல் போட இத்தனை வருஷத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லையே.

இந்த அழுகை உனக்கும் வரும். எடை குறைந்தால் சந்தோஷம்தானே வர வேண்டும், எனக்கு ஏன் கோபம் வருகிறது என்று குழம்பாதே. அது நியாயமான கோபம். 1991-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இருக்கிறது. அறுவை சிகிச்சை செய்துகொண்டு 45 கிலோ, அதற்கு மேலும் குறைத்து, சில வருஷம் அதைத் தக்கவைத்திருந்த 47 பேரிடம் கேள்வி கேட்டார்கள். பழைய எடையோடு கோடீஸ்வரராக இருப்பதா, சாதாரண எடையோடு இருப்பதா? ஒருவர்கூடப் பணத்தைக் கேட்கவில்லை. காது கேளாமல் போனாலும், ஒரு காலை இழந்தாலும் பரவாயில்லை, பழைய எடைக்குத் திரும்ப மாட்டோம் என்று அவர்களில் பெரும்பாலானவர்கள் சொன்னார்கள். வெறும் முட்டிவலிக்கும் மூச்சிரைப்புக்கும் பயந்து யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். மனிதர்கள் அவர்களை நடத்திய விதம் அந்தப் பதிலில் இருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன்.

கோபத்தை என்ன செய்வது? நான் செய்ததைச் சொல்கிறேன். ஒரு பழைய டைரியில் எழுதினேன். மாடி ஏறியது, ஷேர் ஆட்டோவில் "ரெண்டு சீட்டு காசு குடும்மா" என்றது, பெண் பார்க்க வந்தவர்கள் கேசரியை முடித்துக்கொண்டு எழுந்துபோனது, எல்லாம். எழுத எழுத மனசு ஆறியது. இரண்டாவது, இப்போது நல்லபடியாக நடத்துகிறவர்கள்மேல் பழைய கணக்கைத் தீர்க்காதே. ஸ்டூல் போட்ட பெண் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்கிறவள். மூன்றாவது, இதைப் பேசுவதற்கு ஓர் ஆளைத் தேடிக்கொள். உன்னைப்போலவே எடையோடு இருந்து குறைத்தவராக இருந்தால் நல்லது. மற்றவர்களிடம் சொன்னால் "இதுக்கா அழுவுற?" என்பார்கள்.

கடைசியாக ஒன்று, இதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். "அப்ப எப்படி இருந்த, அய்யய்யோ! இப்பதான் மனுஷியா இருக்க" என்று பாராட்டுவார்கள். அந்தப் பாராட்டை அப்படியே வாங்கிக்கொள்ளாதே. இரண்டு பிள்ளைகளைப் பெற்று, மாமனாரைப் படுக்கையில் வைத்துப் பார்த்து, டிபார்ட்மென்ட் பரீட்சை பாஸ் பண்ணியது அந்த 104 கிலோ பெண். "அப்பவும் நான் நல்லாத்தான் இருந்தேன் சித்தி, இப்ப நடக்க லேசா இருக்கு" என்று நான் சொல்வேன். சிரித்துக்கொண்டே, ஆனால் ஒவ்வொரு முறையும் சொல்வேன்.

உடம்பு மாறினாலும் மனசு மெதுவாகத்தான் வரும். கல்யாண மண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருமுன், ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு நாற்காலியைப் போட்டுக்கொள்வது என் வழக்கம். ஒருமுறை ஒரு நாற்காலியின் கால் விரிந்து எல்லோர் முன்னாலும் விழுந்ததிலிருந்து வந்த பழக்கம். 66 கிலோவுக்கு வந்து ஏழெட்டு மாசம் ஆன பிறகும் என் கை இரண்டாவது நாற்காலியைத் தேடியது. மற்றவர்கள் உன்னைப் பார்க்கும் உருவமும் உன் மனசில் இருக்கும் உருவமும் ஒன்றுசேர நாள் ஆகும். அதுவரைக்கும் பெரிய முடிவு எதுவும் எடுக்காதே. தோழமையை முறிப்பது, கல்யாணத்துக்குச் சரி சொல்வது, வேலையை விடுவது எதுவானாலும் எடை ஒரு நிலைக்கு வந்து ஒரு வருஷமாவது போகட்டும்.

நாலு மணி பஜ்ஜி

எங்கள் ஆபீஸுக்குப் பின்னால் ஒரு டீக்கடை. பதினோரு வருஷமாக நாலு மணிக்கு நானும் என் தோழியும் அங்கேதான். இரண்டு டீ, பேப்பரைக் கிழித்து அதில் வைத்த நாலு வாழைக்காய் பஜ்ஜி. எண்ணெயை ஒற்றிக்கொண்டே அவள் மாமியார் கதை, என் மாமியார் கதை, சீட்டுப் பணம், பிள்ளைகளின் மார்க் எல்லாம் பேசுவோம். அவளுக்கு ஒரு கர்ப்பம் கலைந்ததை அவள் அம்மாவுக்குச் சொல்வதற்கு முன்னால் அந்தப் பெஞ்சில் என்னிடம்தான் சொன்னாள்.

நான் டயட் ஆரம்பித்ததும் முதலில் பஜ்ஜியை நிறுத்தினேன். பிறகு டீயில் சர்க்கரையை. பிறகு, போனால் ஆசை வரும் என்று, போவதையே நிறுத்தினேன். அவளிடம் காரணம் சொல்லவில்லை. "வேலையிருக்குடி, நீ போய்ட்டு வா" என்றேன். மூன்று மாசத்தில் அவள் கூப்பிடுவதை விட்டுவிட்டாள். ஒரு நாள் லிஃப்ட்டில், முகத்தைப் பார்க்காமல், "நீ இப்ப பெரிய ஆளாயிட்ட" என்றாள். அவளுக்குப் பொறாமை என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பஜ்ஜியை விட்டபோது அவளுடைய நாலு மணியையும் நான் பிடுங்கிக்கொண்டு போய்விட்டேன் என்று புரிய ஒன்றரை வருஷம் ஆனது.

தோழிகளோடு சாப்பிடுவது சின்ன விஷயம் இல்லை. அமெரிக்காவில் ஃப்ரேமிங்ஹாம் என்ற ஊரை மையமாக வைத்து 12,067 பேரின் 32 வருஷத் தகவல்களைப் பார்த்த ஆய்வு 2007-ல் வந்தது. ஒருவருக்கு உடல்பருமன் வந்தால் அவருடைய நண்பருக்கும் வரும் வாய்ப்பு 57 சதவீதம் கூடுகிறது, கணவன் மனைவிக்குள் கூடுவதைவிட இது அதிகம் என்று அது சொன்னது. காரணம் பற்றி ஆய்வாளர்களுக்குள் வாக்குவாதம் உண்டு. எனக்கு அந்த டீக்கடைப் பெஞ்சே போதுமான விளக்கம். சேர்ந்து சாப்பிட்டுத்தான் நாங்கள் சேர்ந்தோம். ஒருத்தி சாப்பாட்டை மாற்றினால் இன்னொருத்திக்குத் தன்னை விட்டுவிட்டுப் போவதுபோல இருக்கும்.

அதனால், முதல் வாரத்திலேயே காரணத்தைச் சொல்லிவிடு. "பஜ்ஜி வாசம் வந்தா என்னால தாங்க முடியல, ஆனா உன்கூட உட்காரணும். என்ன பண்ணலாம்?" இந்த ஒரு வரியை அன்றைக்கே சொல்லியிருந்தால் எனக்கு ஒன்றரை வருஷம் மிச்சமாகியிருக்கும். நேரத்தை அப்படியே வைத்துக்கொண்டு தின்பண்டத்தை மட்டும் மாற்று. தாமதமாகவாவது சொல்லிவிட்டேன். இப்போது நாலு மணிக்கு அவள் பஜ்ஜி சாப்பிடுகிறாள், நான் டப்பாவில் கொண்டுபோகும் சுண்டலைச் சாப்பிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் உழவர் சந்தைக்கு இருவரும் நடந்து போகிறோம். சந்தைக்கு வர ஆரம்பித்ததும் அவளேதான், நான் கூப்பிடவில்லை.

இன்னொன்று, இதை அடிக்கோடிட்டு வைத்துக்கொள். அவள் இலையை, அவள் தட்டை, அவள் கையில் இருப்பதைப் பார்க்காதே. கேட்காமல் ஒரு யோசனைகூடச் சொல்லாதே. "நான் குறைச்சேன், நீயும் முயற்சி பண்ணலாமே" என்பது உனக்கு அன்பாகத் தெரியும். அவள் காதில் "நீ குண்டு" என்று மட்டும்தான் விழும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேர் எடை கூடியவர்கள். அப்படியென்றால் உன் தோழிகள் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தால் அதில் இரண்டு பேர். "அந்த உடம்போட நரகத்துல இருந்தேன்" என்று நீ உன்னைப் பற்றிச் சொன்னாலும் அவர்கள் தங்கள் உடம்பைத்தான் குனிந்து பார்ப்பார்கள்.

எல்லா விலகலும் இப்படிச் சரியாகிவிடாது. எப்போதும் உன்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு தான் ஒல்லியாகத் தெரிந்தவள் ஒருத்தி இருப்பாள். "போதும்டி, எலும்புக்கூடு மாதிரி ஆயிடுவ" என்று அவள்தான் முதலில் சொல்வாள். உன்னை 'குண்டு' என்று செல்லமாகக் கூப்பிட்டவளுக்கு இனி உன்னை எப்படிக் கூப்பிடுவது என்றே தெரியாது. யாரையும் உடனே வெட்டிவிடாதே, ஆறு மாசம் கொடு. பிறகு கடைசியாகப் பேசிய பத்து போனை யோசித்துப் பார். அதில் எத்தனையில் உன் வேலை, உன் பிள்ளை, உன் அம்மா வந்தார்கள்? பத்திலும் உன் உடம்பு மட்டுமே பேச்சு என்றால் அந்த இடம் காலியாகிவிட்டது. எனக்கும் ஒருத்தி அப்படிப் போனாள். பள்ளிக்கூடத்திலிருந்து கூடவே வந்தவள். இன்னும் வலிக்கிறது.

புதிதாக வருகிறவர்கள்

பள்ளி வாட்ஸ்அப் குழுவில் பத்து வருஷமாக ஒரு வார்த்தை பேசாதவர்கள் உன் புதுப் படத்தைப் பார்த்துவிட்டுத் தனியாக மெசேஜ் போடுவார்கள். எல்லோரும் கெட்டவர்கள் இல்லை. நம்மிடமே ஒரு கூச்சம் போய்விட்டதால் நாமும் சிரித்துப் பேசுகிறோம், அதனாலும் வருகிறார்கள். அறிந்துகொள்ள ஒரு வழி: சின்ன உதவி கேள். "சனிக்கிழமை அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும், துணைக்கு வர்றியா?" வருகிறவளை வைத்துக்கொள். முதல் வருஷத்தில் புதுத் தோழிக்குச் சீட்டு ஜாமீன் கையெழுத்து மட்டும் போடாதே.

வீட்டுக்குள்ளே

கணவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்திருந்தேன். அவர் மௌனமாகிவிட்டார். புதுச் சுடிதார் போட்டால் "எங்க கிளம்பிட்ட?" என்றார். சண்டை போட்டுப் பார்த்தேன், பலன் இல்லை. ஒரு ராத்திரி மொட்டைமாடியில் உட்கார்ந்து, "உங்களுக்கு என்ன பயம்?" என்று கேட்டேன். நீண்ட நேரம் கழித்து, "நான் அப்படியேதானே இருக்கேன்" என்றார். அவருக்கு 46 வயது, முன்வழுக்கை, அவருக்கும் எடை உண்டு. நான் தன்னை விட்டு எங்கோ ஏறிப் போய்க்கொண்டிருப்பதாக அவர் நினைத்திருந்தார்.

ஸ்வீடனில் எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களைப் பார்த்த ஆய்வு 2018-ல் வெளியானது. துணையோடு இருந்தவர்களில் பிரிவும் விவாகரத்தும் மற்றவர்களைவிட அதிகம் இருந்தன. தனியாக இருந்தவர்களில் புதிதாகத் துணை தேடிக்கொண்டதும் அதிகம். இதைப் படித்துப் பயப்படாதே. தன்னம்பிக்கை வந்ததும் அடி வாங்கிய வீட்டை விட்டு வெளியே வந்த பெண்களும் அந்த எண்ணிக்கையில் இருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. உன் வீட்டில் அடியோ வசவோ இருந்தால் பெரிய முடிவுக்கு ஒரு வருஷம் பொறு என்று நான் மேலே சொன்ன கணக்கு உனக்கு இல்லை. 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்கு இன்றைக்கே பேசு. அப்படி இல்லாமல் வெறும் பயம் என்றால், அவரிடம் பயம் என்னவென்று கேள். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேசாமல் இரு.

அம்மா விஷயம் வேறு. அம்மாவுக்குச் சமைத்துப் போடுவதுதான் அன்பு. "வேண்டாம்மா, டயட்" என்று தட்டைத் தள்ளும்போது அவர் கை வெறுமையாகிவிடுகிறது. அம்மாவுக்கு ஒரு வேலை கொடு. "அம்மா, உன் கையால முருங்கைக்கீரைப் பொரியலும் பூண்டு ரசமும் வேணும், ஊர்லேர்ந்து அதுக்குத்தான் வர்றேன்" என்று முதல் நாளே போனில் சொல்லிவிடு. என் அம்மா இப்போது நான் வருவதற்கு முன்னால் கீரை ஆய்ந்து வைத்துவிட்டுக் காத்திருக்கிறார். முறுக்குச் சுடுவது நின்றுபோய்விட்டது, அதற்காக அவருக்கு எந்த வருத்தமும் இல்லை.

விசேஷ வீட்டில் பந்தியில் உட்கார். உட்காராமல் போனால்தான் பத்துப் பேர் காரணம் கேட்பார்கள். இலையில் எல்லாம் வைக்கட்டும், வேண்டியதைச் சாப்பிடு. "ஒரு நாள்ல என்ன ஆயிடும்?" என்று கேட்டால், "ஆமா பெரியம்மா, அவியல் இன்னும் கொஞ்சம் வைங்க" என்று உனக்குப் பிடித்ததை நீயே கேட்டு வாங்கிக்கொள்.

ஆபீஸில்

முன்பு உன்னைத் தாண்டிப் போனவர்கள் இப்போது நின்று பேசுவார்கள். சிலர் நிற்க வேண்டிய தூரத்துக்கு உள்ளே வந்து நிற்பார்கள். இத்தனை வருஷம் அப்படி யாரும் பார்க்காததால் எது பாராட்டு, எது எல்லை மீறல் என்று நமக்கு உடனே பிடிபடாது. உன் வயிறு இறுகினால் அது எல்லை மீறல். "சார், ஃபைலைப் பத்திப் பேசலாம்" என்று அந்த இடத்திலேயே சொல். தொடர்ந்தால் தேதி, நேரம், சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் எழுதி வை. 2013-ம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேர், அதற்கு மேல் வேலை செய்யும் எந்த இடத்திலும் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். நடந்து மூன்று மாசத்துக்குள் புகார் கொடு.

"எப்படிக் குறைச்ச?"

நடந்தோ, ஆபரேஷனோ, ஊசியோ, எப்படிக் குறைத்தாய் என்று ஊருக்குச் சொல்லும் கடமை உனக்கு இல்லை. "டாக்டர் உதவியோட, மெதுவா" என்றால் போதும். ஆனால் உன்னைப் பார்த்துத் தன் உடம்பை வருத்திக்கொள்ளும் ஒருத்தியிடம் மட்டும் பொய் சொல்லாதே. ஆபரேஷன் செய்துகொண்டு "வெறும் கொள்ளுக்கஞ்சிதான்" என்று சொன்னால், அவள் மாசக்கணக்கில் கொள்ளுக்கஞ்சி குடித்துவிட்டுத் தன்னைத்தானே வெறுப்பாள்.

எடை குறைக்கும் ஊசிகள் வந்த பிறகு இந்தக் கேள்வி கூடியிருக்கிறது. மவுன்ஜாரோ 2025 மார்ச்சிலும் வீகோவி அதே வருஷம் ஜூனிலும் இந்தியாவுக்கு வந்தன. "ஊசியா? அப்ப ஈஸிதான்" என்பார்கள். உன் நோய்க்கு டாக்டர் கொடுத்த மருந்துக்கு நீ யாரிடமும் தலைகுனிய வேண்டாம்.

எடை திரும்பினால்

யாரும் பேச விரும்பாத பகுதி இது. தோழமைக்கும் இதற்கும்தான் நேரடித் தொடர்பு.

வீகோவியில் இருக்கும் செமாக்ளூடைடு மருந்தை நிறுத்திய ஒரே வருஷத்தில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டதை அந்த மருந்தின் சோதனையிலேயே பார்த்தார்கள். மருந்து இல்லாமல் குறைத்தாலும் உடம்பு சும்மா இருப்பதில்லை. அமெரிக்காவில் எடைக்குறைப்பு டி.வி. போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருஷம் கழித்துச் சோதித்த ஆய்வு 2016-ல் வந்தது. பெரும்பாலானவர்களுக்கு எடை திரும்பியிருந்தது. அப்போதும் அவர்கள் உடம்பு, இருக்க வேண்டிய அளவைவிட நாளொன்றுக்கு 500 கலோரி போலக் குறைவாகவே எரித்துக்கொண்டிருந்தது. மனஉறுதி குறைந்துவிட்டது என்று நாம் திட்டுகிற பலருக்கும் உள்ளே நடப்பது இதுதான்.

அதனால் 66 கிலோவில் இருக்கும்போது நீ கட்டுகிற உறவு 85-லும் நிற்குமா என்று பார். என் டீக்கடைத் தோழி என்னை 104-லும் பார்த்தாள், அவள் பெஞ்சில் என் இடம் அப்படியே இருந்தது. புதிதாக வந்த சிலரிடம் எனக்கு அந்த நிச்சயம் இல்லை. இளைத்த வேகத்தில் பழைய ஆட்களை உதறிவிட்டுப் போனால், எடை ஏறும் நாளில் கதவைத் தட்ட வீடு இருக்காது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். போன வைகாசியில் ஒரு கல்யாணப் பந்தி. எதிர் வரிசையில் என் பழைய அளவில் ஒரு பெண், முப்பது வயது இருக்கும். இரண்டாவது தடவை பாயசம் கேட்டாள். நான் அவள் இலையைப் பார்த்தேன். ஒரு நொடிதான். அவள் நிமிர்ந்து என் கண்ணைப் பார்த்தாள், பாயசக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள், இலையை மூடிவிட்டு எழுந்தாள். இருபது வருஷம் நான் வாங்கிய அதே பார்வையை நானே இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டேன். கை கழுவும் இடத்துக்கு ஓடிப் போய்ப் பார்த்தேன், அவள் போய்விட்டிருந்தாள். பேர்கூடத் தெரியாது. அன்றிலிருந்து பந்தியில் என் கண்ணை என் இலைக்குள்ளேயே வைத்திருக்கிறேன். நீ முதல் நாளிலிருந்தே அப்படி இரு.

சில்லறை வேலைகள்

மோதிரம் பாத்திரம் தேய்க்கும்போது நழுவும், கழற்றிப் பீரோவில் வை. ஆறு மாசம் எடை ஒரே இடத்தில் நின்ற பிறகு ஆசாரியிடம் கொடுத்துச் சின்னதாக்கு. தையல்காரரிடம் இருக்கும் அளவு ஜாக்கெட்டை அதற்குப் பிறகு மாற்று, தைக்கும்போது உள்ளே இரண்டு பக்கமும் துணி விடச் சொல். ஆதார் படத்துக்கும் உனக்கும் சம்பந்தமில்லாமல் போயிருந்தால் சேவை மையத்துக்கு நேரில் போய் மாற்றிக்கொள். பழைய போட்டோக்களை அழிக்காதே. அதில் உன் பிள்ளை உன் மடியில் இருக்கிறது.

இன்றைக்குச் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. டயட் ஆரம்பித்த நாளிலிருந்து நீ கூப்பிடாத தோழி ஒருத்தி இருப்பாளே, சாயங்காலம் அவளுக்கு ஒரு போன் போடு. எடையைப் பற்றி நீயாக எடுக்காதே. அவள் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று சொல்லியிருந்தாளே, அது என்ன ஆயிற்று என்று கேள்.